வயிற்றில் ஒட்டியதும் வாயில் விட்டதும்

மார்ச்சு 3, திங்கள்

நூலக நேரத்தைக் குறைத்ததைக் கண்டித்து இன்று மேடையில் பேசினேன். தொண்டை கமறுகிறது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக் காற்றுக்காக வந்தவர்கள். ஆனாலும் முடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. இந்த வெயிலில் அதுவே வெற்றி.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் சீருடைச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தார். கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் சேர மறுக்கின்றன. வாங்கி நானே நகர்த்தித் தைத்தேன்.

"துவைக்கத் துவைக்க இந்தத் துணி சுருங்குது" என்றார்.

"வயித்துப் பக்கம் மட்டும் சுருங்குற துணி. புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க போல" என்றாள் மகள்.

அவரும் சிரித்தார். பிறகு சட்டையை என் கையிலிருந்து வாங்கி, தைத்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மே மாதம் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு ஆண்டு உடற்சோதனை. சென்ற முறையே எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்: எடையும் இறங்க வேண்டும், குருதி அழுத்தமும் அடங்க வேண்டும். இல்லையேல் ஓட்டுநர் இருக்கை இல்லை. வண்டி கழுவும் கொட்டகையில் மேற்பார்வை. "தண்ணி பீச்சுறத நின்னு வேடிக்கை பாக்குற வேலை" என்பார் அதை. நான் மேடையேறத் தொடங்கும் முன்பே பேருந்து ஓட்டத் தொடங்கியவர்.

மார்ச்சு 7, வெள்ளி

பொதி ஒன்று வந்ததாம். தெருமுனையிலேயே நின்று வாங்கி வந்திருக்கிறார். இருக்கைக்கு மெத்தை என்றார். இதற்கு ஏன் தெருமுனை?

மார்ச்சு 9, ஞாயிறு

துணி ஊறவைக்கும்போது அவருடைய உள்பனியனில் உள்ளங்கை அகலத்திற்குப் பிசின் கறை. வட்டமாக. கேட்டேன். "இடுப்புப் பிடிப்பு. பிளாஸ்திரி போட்டேன்."

இடுப்பு முன்பக்கமா இருக்கிறது?

மார்ச்சு 13, வியாழன்

தெரிந்துவிட்டது. மகளின் கைபேசியில்தான் பதிவு செய்து வாங்கியிருக்கிறார். அதன்பின் அவள் எதைத் திறந்தாலும் அந்த விளம்பரமே வந்து நிற்கிறதாம். எடை குறைக்கும் பேட்ச். ஒட்டு என்றே நான் எழுதுவேன். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தால், விடிவதற்குள் கொழுப்பு கரையத் தொடங்குமாம். ஊசியாகப் போடும் புதிய மருந்தின் பெயரை ஓரெழுத்து மாற்றி உறைமீது அச்சிட்டிருக்கிறான்.

நானும் மகளும் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தோம். 'முன்' என்றொரு படம், 'பின்' என்றொரு படம். முன்னவளுக்குத் தோளில் மச்சம். பின்னவளுக்கு மச்சமே இல்லை. "மச்சமும் கரைஞ்சிருச்சும்மா" என்றாள். வெள்ளை அங்கி போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பெயர் இல்லை, எந்த மருத்துவமனை என்றும் இல்லை. விற்பவருடைய முகவரியைத் தேடினோம். கிணற்றில் போட்ட கல்.

இத்தனையும் பொய்யென்று கண்டுகொள்ள எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது:

'நீங்கள் தோற்கவில்லை. உங்களுக்கு வழி சொன்னவர்கள்தான் தோற்றார்கள்.'

உண்மையை எழுதுகிறேன்: அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். எவனோ என் தொழில் தெரிந்தவன் எழுதியிருக்கிறான். முதலில் கேட்பவனின் சுமையை இறக்கு, பிறகு பழியை வேறொருவன் தலையில் ஏற்று, அதன்பின் உன் சரக்கை அவிழ். மேடையில் நான் செய்வதும் இதுதானே? என் சரக்கு மெய், அவன் சரக்கு பொய் என்பதைத் தவிர வேறு என்ன வேறுபாடு?

ஒவ்வோர் ஆண்டும் சோதனை அறையிலிருந்து தலை குனிந்து வெளியே வருகிறவருக்கு அந்த வரி எப்படி இனித்திருக்கும்!

மார்ச்சு 14, வெள்ளி

கேட்டுவிட்டேன். சமையலறையில், அவர் தட்டைக் கழுவும்போது.

கேட்டேன் என்று எழுதுவது பொய். முழங்கினேன். மச்சத்தைச் சொன்னேன், முகவரியைச் சொன்னேன், "உழைத்து உண்கிறவன் உடம்பை ஊர்பேர் தெரியாதவனிடம் அடகு வைக்கலாமா" என்றேன். அவர் தட்டைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார்.

"முடிஞ்சுதா? நான் கைதட்டணுமா?"

"என்னங்க, உங்க நல்லதுக்குத்தானே..."

"ஏம்மா, உனக்குத் தொண்டை போனாலும் பேனா இருக்கு. எனக்கு ஸ்டியரிங்கை விட்டா என்ன இருக்கு? சொல்லு."

அவர் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடியும் துடைத்தேன். ஆயிரம் பேர் எதிரில் குறுக்குக் கேள்விக்கு மறுநொடியே மறுமொழி சொல்பவள்.

மார்ச்சு 20, வியாழன்

எடை பார்க்கும் கருவியின் மேல் ஏறி நின்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முள் சிறிது இறங்கியிருக்கிறது. "பாத்தியா? சும்மா சொல்லக் கூடாது, வேலை செய்யுது."

இரவு உணவை ஒதுக்குகிறார், பகலில் பாதி வயிறு. அதற்கு இறங்காதா? பட்டினி செய்த வேலைக்கு ஒட்டு பெயர் வாங்கிக்கொள்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் நெடுநாளாகக் காணாத மலர்ச்சி. விழுங்கிவிட்டேன்.

மார்ச்சு 27, வியாழன்

நுகர்வோர் மன்றத்தில் ஞாயிறன்று என் உரை. தலைப்பு: இணைய வழி ஏமாற்று. ஏட்டுச் செய்தி நிறையக் கிடைத்தது. உயிருள்ள எடுத்துக்காட்டுதான் ஒன்றும் அகப்படவில்லை.

மார்ச்சு 30, ஞாயிறு

நல்ல கூட்டம். ஆனால் உண்ட மயக்கம். கால் மணி பேசியும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சாய்ந்தால் வீட்டுக் கதை ஒன்றை இறக்கு. இது எங்கள் தொழிலில் பாலபாடம். இறக்கினேன்.

"எங்கோ தேட வேண்டாம், என் வீட்டுக்கே வாருங்கள்! எத்தனை பெரிய பேருந்தையும் குறுக்குச் சந்தில் திருப்பிவிடும் ஒருவர் அங்கே இருக்கிறார். அவருடைய வயிற்றைத் திருப்பும் வழி மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஆதலால், அஞ்சல் உறைக்கு அஞ்சல்தலை ஒட்டுவதுபோல், வயிற்றுக்கு ஒட்டியிருக்கிறார்! எந்த ஊருக்கு அனுப்பப் போகிறாரோ!"

மன்றம் குலுங்கியது. அதற்குமேல் ஒரு சொல்லும் வீணாகவில்லை. "விற்பவன் உங்கள் வயிற்றைப் பார்க்கவில்லை; உங்கள் வெட்கத்தைப் பார்க்கிறான்" என்று முடித்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஏன் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது? பெயர் சொல்லவில்லையே.

மார்ச்சு 31, திங்கள்

என் பேச்சை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். காலைக்குள் பணிமனை முழுதும் பரவிவிட்டது.

அவருடைய வண்டி நடத்துநர், 'தந்தி' என்று பெயர் எடுத்தவர், நண்பகலில் வாசலுக்கே வந்தார். செய்தி சொல்லும் அவா வழக்கம்போல் இல்லை.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? அண்ணன் முதுகுல ஒருத்தன் ஸ்டாம்ப்பை ஒட்டி விட்டுட்டான். அது தெரியாம அண்ணன் ரெண்டு ட்ரிப் ஓட்டிட்டு வந்துட்டாரு. ஏறுற இறங்குற பயலெல்லாம் சிரிக்கிறான். நான்தான் எடுத்தேன்."

ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன். பேர் சொல்லலையாம்! இந்த ஊர்ல என் புருசன் யாருன்னு தெரியாதவங்க எத்தனை பேரு?

மாலை அவர் வந்தார். காலணியைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார்.

"அந்த மன்றத்துல எத்தனை பேரு இருந்தாங்க?"

"முந்நூறு இருக்கும்."

"நல்ல கூட்டம்" என்றார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

ஏப்பிரல் 1, செவ்வாய்

வெட்கத்தைப் பார்த்து விற்கிறான் என்று அவனைச் சாடினேன். நான் மட்டும் எதை விற்றேன் அந்த மேடையில்?

ஏப்பிரல் 3, வியாழன்

மன்னிப்புக் கேட்டேன். கேட்கத் தொடங்கிய இரண்டாம் வரியிலேயே என் குரல் ஏறியது. "ஒரு சொல்லால் சுட்டேன், ஒரு சிரிப்புக்காகச் சுட்டேன்" என்று அடுக்கு வந்து விழுந்தது. எனக்கே கூசியது. அவர் கையை உயர்த்தினார். "போதும்மா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

ஏப்பிரல் 5, சனி

பேச்சில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகளிடம் கேட்கிறார்.

ஏப்பிரல் 8, செவ்வாய், பகல்

எழுதக் கை ஓடவில்லை. ஆனால் எழுதினால்தான் நிதானம் வரும்.

மகள் இப்போதுதான் சொன்னாள். அவர் பணிக்குக் கிளம்பிப் போன பிறகு.

"அம்மா, நீ கத்தமாட்டேன்னு சொன்னா ஒண்ணு சொல்றேன்."

கத்தமாட்டேன் என்றேன்.

"அப்பா பேட்சை விடலை. இப்ப முதுகுல. அவருக்கு எட்டாது, அதனால என்னை ஒட்டச் சொல்றாரு. ஒண்ணு பத்தலைன்னு ரெண்டு. அது கூடப் பரவாயில்லைம்மா. அந்தக் கம்பெனிக்காரன் மெசேஜ்ல தினமும் பேசுறான். பிரஷர் மாத்திரை போட்டா பேட்ச் வேலை செய்யாதாம். அப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு. நீ கூட்டத்துல பேசின அன்னைலேர்ந்தே போடலை. இன்னைக்குக் காலையில கண்ணைக் கசக்கிட்டே இருந்தாரு. எனக்குப் பயமா இருக்கும்மா."

அழுதாள். கட்டிக்கொண்டேன். சொன்ன சொல்லைக் காத்துவிட்டேன், கத்தவில்லை. உள்ளே கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஒட்டை விட அந்த ஓர் அறிவுரைதான் நஞ்சு. அவன் யார்? எங்கே இருக்கிறான்? இவருடைய குருதி அழுத்தத்தை அவன் ஒருநாளாவது அளந்திருப்பானா?

பணிமனைக்குத் தொலைபேசினால் இன்றே இருக்கையிலிருந்து இறக்கிவிடுவார்கள். மறுபடியும் நான் நாலு பேர் அறியப் போட்டுடைத்தவள் ஆவேன். தொலைபேசாவிட்டால்? ஒரு வண்டி நிறைய மக்கள். அவர்.

மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டேன். அவர் வண்டி நம் தெரு நிறுத்தத்திற்கு வர நேரமாகிவிட்டது. முதலில் அவரிடம். மறுத்தால், கடைசி நிறுத்தத்தில் வண்டிகளின் நேரம் குறிக்கும் காப்பாளரிடம். முடிவு செய்துவிட்டேன்.

அதே நாள், மாலை

ஏறினேன். தந்திக்கு என்னைக் கண்டதும் முகம் போன போக்கு! "என்ன அண்ணி, இன்னைக்கு வண்டிக்குள்ளேயே கூட்டமா?" என்றார். சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டுநருக்கு நேர்ப் பின்னிருக்கையில் அமர்ந்தேன். தலைக்கு மேலே எழுதியிருந்தது: 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்.'

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மாத்திரை அட்டையை உயர்த்திக் காட்டினேன். பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டார்.

பேச முடியாது. எத்தனை ஆண்டாக மணம் செய்து வாழ்கிறேன். அவர் வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் அமர்ந்து நான் பார்த்ததே இல்லை. நான்தான் கூட்டம் கூட்டமென்று அலைபவளாயிற்றே. ஒரு முதியவர் கம்பியைப் பிடிக்கும்வரை வண்டியை நகர்த்தாமல் காத்திருந்தார். பள்ளத்தில் சக்கரத்தை இறக்கும்போது, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல் இறக்கினார். பின் கழுத்தெல்லாம் வியர்வை. கழுத்துப்பட்டைக்குக் கீழே அந்த ஒட்டின் விளிம்பு, அழுக்கேறிச் சுருண்டு.

சந்தையைத் தாண்டியதும் வண்டி மெல்லச் சென்றது. மிகவும் மெல்ல. பின்னால் ஒலிப்பான்கள் கத்தின. ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறந்தார்; ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை. ஆனாலும் நின்றார். நெற்றியை அழுத்திக்கொண்டார். நான் பாதி எழுந்துவிட்டேன். வண்டி மறுபடி நகர்ந்தது. அடுத்தது கடைசி நிறுத்தம்.

அங்கே எல்லாரும் இறங்கினார்கள். அவர் பொறியை அணைத்தார். எழவில்லை.

பேசலாம் இப்போது. எத்தனை சொற்கள் என்னிடம் இருந்தன! வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் கூப்பிடவில்லை.

"வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பின்னால் குரல் கொடுத்தார். "தந்தி, கன்ட்ரோலுக்குப் போன் போடு. அடுத்த ட்ரிப் நான் எடுக்கலை. மாத்து ஆள் வரச் சொல்லு."

"என்ன காரணம்னு எழுதணுமேண்ணே? மே மாசம் டெஸ்ட்டு வேற..."

"உடம்பு சரியில்லைன்னு எழுது. உள்ளதை எழுது."

நிறுத்தத்தை ஒட்டியிருந்த பணிமனையின் மருத்துவ அறையில் இருந்த அம்மையார் அழுத்தத்தை அளந்தார். மறுபடி அளந்தார். உடனே அவசர ஊர்திக்குச் சொல்லிவிட்டார்.

ஏப்பிரல் 9, புதன்

மருத்துவமனை. பக்கவாதம் இல்லை. அப்படியொன்று வரும் படிக்கட்டில் நின்றாராம். அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஒட்டுகளை உரித்தபோது தோலும் கூட வந்தது. அடியில் சிவந்து, கொப்பளித்து. பேருந்தில் மணிக்கணக்காக இந்த முதுகைச் சாய்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்?

மருத்துவர் இளம்பெண். அவரைத் திட்டவில்லை. நான் மூலையில் நின்றேன்.

"ஐயா, இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. உறையில எழுதியிருக்குறது இருக்கலாம், வேற ஏதாவது இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஊசியா போடுற மருந்து இப்படித் துணியில தடவி ஒட்டினா தோலைத் தாண்டிப் போகாது. அது வேற, இது வேற. எரியுதுல்ல, அதனால வேலை செய்யுதுன்னு நினைச்சிருப்பீங்க."

"ஆமாங்க. கொழுப்பு கரையும்போது எரியும்னு சொன்னான்."

"யாரு?"

கைபேசியைக் காட்டினார். 'உடல்நல ஆலோசகர்' என்று போட்டிருந்தது. மருத்துவர் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். மாத்திரையை விடச் சொன்ன இடம் போலும்.

"எடை குறைக்கணும்னா வழி இருக்கு. மெதுவான வழி. உண்மையாவே மருந்து தேவைப்பட்டா நாங்களே பாத்து எழுதித் தருவோம். ஏன் எங்ககிட்ட கேக்கலை?"

அவர் போர்வையை நீவிவிட்டார்.

"உங்ககிட்ட வந்தா முதல்ல திட்டுவீங்க. அவன் திட்டலைங்க. 'சாப்டீங்களா அண்ணா'ன்னு கேட்டான்."

மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்கு வந்த அம்பு என்று நினைத்தேன்; எங்கள் இருவருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஏப்பிரல் 13, ஞாயிறு

வீடு திரும்பினோம். முதுகுக்குக் களிம்பு தடவுகிறேன். பேசிக்கொள்வதில்லை. ஆனால் முதுகைக் காட்டுகிறார்.

ஏப்பிரல் 22, செவ்வாய்

கழுவும் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள், மறு சோதனை வரை. நனைந்த காற்சட்டையோடு வருகிறார். காலையில் நடக்கக் கிளம்பினார்; நானும் செருப்பை மாட்டினேன். வேண்டாமென்று சொல்லவில்லை.

நடக்கும்போது பேசினார்! "முன் கண்ணாடியை ஒரு பய ஒழுங்கா துடைக்க மாட்டேங்கறான். ஓட்டுறவனுக்குத் தெரியும் அந்த ஓரத்தோட அருமை." அவ்வளவுதான். போதும்.

மே 5, திங்கள்

மதிப்புக்குரிய மன்றத்தார் மீண்டும் அழைத்தார்கள். அந்தப் படம் பெரும் வரவேற்பைப் பெற்றதாம். அதே கதையை இன்னும் விரித்துச் சொல்ல வேண்டுமாம். அந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை என்றேன். விளங்கவில்லை அவர்களுக்கு. அவர்கள் தங்கள் பக்கத்தில் போட்டிருந்த படத்தை நீக்கச் சொன்னேன். நீக்கினார்கள். பரவியது பரவியதுதான், சிந்தியதை அள்ள முடியுமா?

மே 19, திங்கள்

உடற்சோதனை. எடை கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. அழுத்தம் கட்டுக்குள். மருத்துவ அறை அம்மையார் அவரை அமர வைத்தே சொன்னாராம்: "நீங்களே வண்டியை நிறுத்திட்டுச் சொன்னீங்க. அதை எழுதியிருக்கேன்." குறுந்தடம் கொடுத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்திற்கும் பேருந்து நிலையத்திற்கும் இடையே. மாதந்தோறும் வந்து அளந்துகொள்ள வேண்டும்.

குறுந்தடம் என்றால் இளையவர்களுக்குத் தருவது. முகம் வாடுவாரோ என்று பார்த்தேன். "சின்னப் புள்ளைங்க வண்டி. பள்ளிக்கூடம் தெறந்ததும் கத்திக் கொல்லப்போகுதுங்க" என்று மகளிடம் குறைபட்டுக்கொண்டார், மிகுந்த மகிழ்ச்சியோடு.

மே 25, ஞாயிறு

தந்தி வந்தார். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பணிமனையில் இன்னும் ஏழெட்டுப் பேர் அந்த ஒட்டைப் போடுகிறார்களாம். சோதனைக்கு அஞ்சித்தான்.

"நீங்களுமா தந்தி?"

"நான் விட்டுட்டேன் அண்ணி. முந்தாநேத்து." பிறகு, "அண்ணனுக்கு அந்த விளம்பரத்தை அனுப்பி வச்சதே நான்தான்" என்றார்.

தொழிற்சங்கம் ஒரு கூட்டம் போடுகிறது; நான் பேச வேண்டுமாம். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவரிடம் போனேன். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "உங்களைப் பத்திச் சொல்லலாமா?"

"வயித்தைப் பத்திச் சொல்லாதே. மாத்திரையை நிறுத்தினதைச் சொல்லு. அதுதான் ஆளைக் கொல்லும்."

"சரிங்க."

"சிரிப்பு வேணாம்."

"சரிங்க."

சூன் 1, ஞாயிறு

பணிமனை உணவுக்கூடத்தில் கூட்டம். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பொறியாளர் ஓரிருவர். அவர் கடைசி வரிசையில், கதவோரம். என் கூட்டத்திற்கு அவர் வந்து அமர்ந்தது இதுதான் முதல் முறை.

சிரிப்பு இல்லாமல் பேசினேன். எழுதி வைத்துக்கொண்டே பேசினேன். ஆனாலும் பழக்கம் விடுமா? அந்தப் பிற்பகலை விவரிக்கும்போது சொற்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போயின. "விழி இருண்டது, வீதி சுழன்றது, கடலலைபோல் சாலை எழுந்து எழுந்து வந்தது" என்று...

"ஒரு நிமிஷம். அது அப்படி இல்லை."

எல்லாரும் திரும்பினார்கள். கதவோரம் அவர் எழுந்து நின்றிருந்தார்.

"அலையெல்லாம் வரலை. சும்மா தலைவலி. அப்புறம் கண்ணாடியில பாத்தா, பின்னாடி வர்ற வண்டி ரெண்டா தெரிஞ்சுது. எதிர்ல ரோட்டைக் கடக்குற அம்மாவும் ரெண்டா தெரிஞ்சாங்க. எந்த அம்மா உண்மையான அம்மான்னு தெரியலை."



ஓர் இளைய ஓட்டுநர் கேட்டார்: "அப்ப உடனே ஏன்ணே நிறுத்தலை?"

"நிறுத்தினேன், ஒரு ஸ்டாப்புல. அப்புறம் மறுபடி எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. இந்தத் தடவையாவது பாஸ் ஆயிடணும்னு இருந்துச்சு. நாலு பேரு சிரிச்சுட்டாங்கன்னு இருந்துச்சு. அந்த அம்மா பொழைச்சது அவங்க அதிர்ஷ்டம்."

யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"முன்னால வந்து பேசுங்கண்ணே, கேக்கலை" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

வந்தார். ஒலிவாங்கியை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அவர் உயரத்திற்கு ஒலிவாங்கித் தாங்கியை ஏற்றி வைத்தேன். கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு இறங்கி, வரிசைகளைக் கடந்து, கதவோரம் அவர் விட்டுவந்த நாற்காலியில் அமர்ந்தேன். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மேடை வெகு தொலைவு. அவருடைய குரல் மெல்லியது. முன்னால் சாய்ந்து, காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன்.